மாட்டில் சுட்ட குறியும் ஏட்டில் எழுதிய பெயரும்

வாவிக்கரை ஏடுகள் – 9

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் விதைப்புத் தொடங்கிவிட்டால் மாடுகளுக்கு வயலோரத்தில் இடமில்லை. பட்டி பட்டியாக மேற்கே சாய்த்துக்கொண்டு போய்க் காட்டோர மேய்ச்சல் தரைகளில் விட்டுவிடுவார்கள். இன்றைக்கும் செய்தித்தாள்களில் அடிபடும் மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் அப்படிப்பட்ட தரைதான். அங்கே போடிமார் எனப்படும் நிலக்காரர் பலரின் மாடுகள் ஒன்றாய்க் கலந்து மேயும். அறுவடை முடிந்து திரும்பும்போது எது யாருடையது என்ற வழக்கு வரக்கூடாது. அதற்காக இரும்பைக் காய்ச்சிக் குறி சுட்டார்கள். குடிக்குரிய குறி ஒன்று, அதோடு உடையவரின் பெயரெழுத்து. பட்டி பார்க்கிறவர்களுக்குக் குறியைக் கண்டதுமே என்ன குடி, யார் வீட்டு மாடு என்று சொல்லிவிடுகிற கண் இருந்தது.

இதே மக்கள்தான் வீட்டில் ஏடும் வைத்திருந்தார்கள். பரிகாரியார் வீட்டில் வாகட ஏடு, சாத்திரியார் வீட்டில் சோதிட ஏடு, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கூத்து ஏடு, கோயிலில் காவிய ஏடு. மாட்டின் தோலில் சுட்ட குறியை ஏட்டின் மரச்சட்டத்தில் ஒரு முறை சுட்டிருந்தால் போதும், காலத்துக்கும் அழியாது. அப்படி ஒரு வழக்கம் இங்கே வளரவில்லை. ஏன் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

ஐரோப்பாவில் அந்தக் குறி புத்தகத்துக்குள் போனது. முன்மட்டையின் உட்புறத்தில், உடையவரின் பெயரையும் ஒரு படத்தையும் அச்சிட்டு ஒட்டும் சிறு தாளை அங்கே ‘எக்ஸ் லிப்ரிஸ்’ என்பார்கள். ‘இன்னாருடைய நூல்களிலிருந்து’ என்று பொருள். நாம் உடைமைச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையவை ஜெர்மனியில் 15ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பிறந்தவை. ஒன்று, இக்ளர் என்ற பட்டப்பெயர் கொண்ட ஒரு பாதிரியாருடையது. அந்தப் பெயர் அவர்கள் மொழியில் முள்ளெலியை நினைவூட்டும் என்பதால் சீட்டிலும் வாயில் பூவைக் கவ்விய முள்ளெலிதான் இருக்கிறது. இன்னொன்று 1480ஐ ஒட்டியது. பீபராக் நகரத்து ஹில்டெப்ராண்ட் பிராண்டன்பர்க் என்பவர் பக்ஸ்ஹைம் மடத்துக்குத் தானம் செய்த புத்தகங்களில் ஒட்டப்பட்டது. ஒரு தேவதூதன் கேடயம் ஏந்தி நிற்கிறான். கேடயத்தில் அந்தக் குடும்பத்தின் சின்னம்: மூக்கில் வளையம் போட்ட எருது. இங்கே மாட்டின் மேல் குடும்பக் குறி. அங்கே குடும்பக் குறியிலேயே மாடு. இதை முதலில் படித்தபோது சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

காலத்தைக் கவனியுங்கள். கூட்டன்பர்க்கின் அச்சு 1450களில் வேலை தொடங்கியது. அதற்கு அடுத்த சில பத்தாண்டுகளிலேயே உடைமைச் சீட்டு பரவுகிறது. கையால் எழுதிய நூலுக்குக் கையெழுத்தே அடையாளம். இரண்டு பிரதி ஒருபோதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அச்சில் வந்த நூறு பிரதியும் ஒரே முகம். ஒன்றாய்க் கலந்து மேயும் மாட்டுக்கு வந்த அதே இக்கட்டு புத்தகத்துக்கும் வந்தது. பிரபுக் குடும்பங்களிடம் கேடயத்திலும் கதவிலும் கல்லறையிலும் பொறித்த குலச்சின்னங்கள் தயாராக இருந்தன. அவை அப்படியே தாளில் இறங்கின. 1500ஐ ஒட்டி ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தம் நண்பர் வில்லிபால்ட் பிர்க்ஹைமருக்குச் செய்து கொடுத்த சீட்டில் ‘தனக்கும் தன் நண்பர்களுக்கும்’ என்று இலத்தீனில் இருக்கிறது. இரவல் கொடுக்கும் மனம் கொண்ட ஒருவரின் முத்திரை அது.

வாவிக்கரைக்குத் திரும்புவோம். இங்கே ஏட்டுக்கு அடையாளம் இல்லாமல் இல்லை. படமாக இல்லை, வாக்கியமாக இருந்தது. ஏட்டின் முதலில் பிள்ளையார் சுழி, காப்பு. கடைசியில், இன்ன வருஷம் இன்ன மாதம் இத்தனையாந் திகதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரத்தில், இன்னார் மகன் இன்னார் எழுதி நிறைந்தது என்று ஒரு குறிப்பு. சில வேளை யாருக்காக எழுதப்பட்டது என்பதும் வரும். அதோடு, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வேண்டுதல். வடமொழிச் சுவடிகளின் கடைசியில் வழக்கமாக வரும் ஒரு சுலோகத்தில் புத்தகமே வாய் திறந்து பேசும்: எண்ணெயிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் அவிழ்ந்த கட்டிலிருந்தும் என்னைக் காப்பாற்று, மூடன் கையில் கொடுத்துவிடாதே என்று. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் அசுர்பானிபாலின் களிமண் பலகைகளிலும் இதே முறைதான். நூலின் முடிவில் இது அசுர்பானிபாலின் அரண்மனைக்குரியது என்ற வாக்கியமும், எடுத்துப் போகிறவனுக்குச் சாபமும் இருக்கும். உடைமையைச் சொல்லும் வாக்கியம் உடைமையைக் காட்டும் படத்தை விட இரண்டாயிரம் ஆண்டு மூத்தது.

இந்தக் கடைசிக் குறிப்புகள் வரலாறு எழுதுகிறவனுக்குப் பொன். அதே அளவு தலைவலியும். வருஷத்தின் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. ‘விரோதிகிருது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1791இல் பிறந்த வருஷமா, 1851இலா, 1911இலா? திகதியும் கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து இருந்தால் பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் போட்டு, மூன்றும் பொருந்தும் ஆண்டைப் பிடித்துவிடலாம். எழுதியவர் இவ்வளவு விவரம் கொடுத்தது நல்ல நேரம் பார்த்து முடித்தேன் என்று காட்டத்தான். நமக்கு அது காலக்கணக்காக உதவுகிறது. ஆனால் பனையோலைக் கட்டில் முதலில் சிதைவது முதல் ஓலையும் கடைசி ஓலையும்தான். கயிறு இறுகும் இடமும் பூச்சி நுழையும் இடமும் அவையே. பெயர் எழுதிய ஓலை உடைந்து போனால் நூல் இருக்கும், குடும்பம் இருக்காது.

கூத்து ஏட்டின் கதை வேறு. ஓர் ஊரில் வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ பழகுவதென்று தீர்மானமானால், யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்து, அவரவர் பாட வேண்டிய பகுதியைத் தனியாகப் பிரித்து எழுதி ஊரார் முன்னிலையில் கையில் கொடுப்பார்கள். சட்டங்கொடுத்தல் என்று அதற்கு ஒரு நாள் உண்டு. கூத்தனுக்குத் தன் பாட்டு மட்டும்தான் கிடைக்கும். முழுக் கூத்தும் அண்ணாவியாரிடமே இருக்கும். நூலை இரவல் கொடுப்பதையே ஒரு சடங்காகச் செய்த ஊர் இது. இத்தனை பேர் பார்க்கக் கொடுத்த ஓலைக்கு எந்தச் சீட்டும் வேண்டியதில்லை, ஊர் முழுவதும் சாட்சி. ஓலை போய்க் கொப்பி வந்த பிறகும் இந்த முறை மாறவில்லை. 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்து அச்சுக்குக் கொண்டுவந்ததும், பின்னாளில் சி. மௌனகுரு மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்ததும், அண்ணாவிமார் தம் ஏட்டையும் நினைவையும் பிறர் கையில் கொடுக்க மனம் வைத்ததால்தான் நடந்தது. அந்த மனம் எளிதில் வருவதல்ல. ஏடு கைமாறினால் அண்ணாவியாரின் தொழிலே கைமாறிவிடும்.

கண்ணகை அம்மன் கோயில் ஏட்டுக்கு மனித உடையவரே இல்லை. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், மகிழூர், புதுக்குடியிருப்பு என்று வாவியின் நெடுகிலும் கடலோரத்திலும் இருக்கும் இக்கோயில்கள் பலவற்றில் வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறப்பார்கள். அந்த நாட்களில் கண்ணகியின் கதையான வழக்குரையைப் பாடுவார்கள், கடைசியில் குளிர்த்திச் சடங்கு. பூசை செய்யும் கப்புகனார் ஏட்டைக் காப்பவர் மட்டுமே. ஏடு அம்மனுடையது. அதைத் திருடுவதற்கு மட்டக்களப்பில் ஒருவனுக்குத் துணிச்சல் வேண்டும். அம்மன் கோபம் என்றால் அம்மையும் பொக்குளிப்பானும் என்று நம்பிய காலம் அது. அசுர்பானிபாலின் சாபத்துக்குக் களிமண்ணில் எழுத்துத் தேவைப்பட்டது, இங்கே அதுவும் தேவைப்படவில்லை.

காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் ஊர்களில் மூன்றாவது ஒரு வழி. குர்ஆனும் மார்க்க நூல்களும், அரபெழுத்தில் தமிழை எழுதிய கிதாபுகளும் அங்கே புழங்கின. பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ ஒரு நூலைக் கொடுக்கும்போது அதன் பக்கத்தில் ‘வக்ஃபு’ என்று எழுதுவது இஸ்லாமிய உலகம் முழுவதற்கும் பொதுவான வழக்கம். அந்தச் சொல் எழுதப்பட்டுவிட்டால் நூலை விற்க முடியாது, மரபுரிமையாகப் பிரிக்க முடியாது. இறைவனுக்கென்று நிறுத்தி வைக்கப்பட்ட பொருள். உடைமைச் சீட்டு ‘இது என்னுடையது’ என்கிறது. வக்ஃபுக் குறிப்போ இனி எவருடையதுமல்ல என்கிறது. என் கண்ணுக்கு டியூரர் சீட்டை விட இது பெரிய காரியம்.

இப்போது நம் கேள்விக்கு விடை கிட்டத்தட்டத் தெரிகிறது. மாடு ஊரை விட்டு வெளியே போனது, ஏடு போகவில்லை. பரிகாரியார் தன் வாகடத்தை வாசல் தாண்ட விடமாட்டார். கூத்து ஏட்டுக்கு ஊர் சாட்சி, காவிய ஏட்டுக்கு அம்மன் காவல். அலையும் பொருளுக்குத்தான் குறி வேண்டும். இந்தக் கரையில் புத்தகம் அலையத் தொடங்கியது அச்சோடுதான், பள்ளிக்கூடத்தோடுதான்.

1814இல் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டுகூட நிறையாமல் 1815இல் இறந்துபோனார். அவர் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி. இப்பள்ளிகளோடு வந்ததுதான் பரிசுப் புத்தகம். பிரித்தானியப் பள்ளிகளில் பரிசு நூலின் உள்மட்டையில் கல்லூரிச் சின்னம் அச்சிட்ட சீட்டு ஒட்டி, மாணவர் பெயர், வகுப்பு, பாடம், ஆண்டு எழுதி, அதிபர் கையொப்பமிடுவார். குடியேற்ற நாடுகளிலும் அதே நடைமுறை. ஒரு படமும் ஒரு பெயரும் கொண்ட சீட்டு நம் வீடுகளுக்குள் நுழைந்தது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு என்று வரிசையாக எழுதி வைப்பதும் உண்டு. பதிவுச் சான்றிதழ் தொலைந்த குடும்பத்துக்கு அந்தப் பக்கமே சான்றிதழ்.

ஒரு பெயர் எவ்வளவு சொல்லக்கூடும் என்பதற்கு நம்மூரிலேயே நல்ல உதாரணம் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்தவர், புனித மிக்கேலில் படித்தவர். அப்போது பெயர் மயில்வாகனன். 1922இல் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து பிரபோத சைதன்யர் ஆனார். 1924இல் துறவு பெற்று விபுலாநந்தர். 1947இல் யாழ் நூல் அரங்கேறி ஒரு மாதம் கழித்து மறைந்தார். அவர் கைபட்ட ஒரு புத்தகத்தில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே அது விஞ்ஞானம் படிப்பித்த இளைஞரின் புத்தகமா, மடத்து மாணவரின் புத்தகமா, யாழைத் தேடிக்கொண்டிருந்த பேராசிரியரின் புத்தகமா என்று பிரித்துவிடலாம். உள்மட்டையில் இரண்டு அங்குலத் தாளும் ஒரு கையெழுத்தும் ஒருவரின் படிப்பு வரலாற்றையே ஆண்டு வாரியாக அடுக்கிக் கொடுக்கும்.

படம் பொறித்த உடைமைச் சீட்டை ஒரு கலைப்பொருளாகவே பெற்ற இலங்கைத் தமிழர் ஒருவர் உண்டு. அவர் வாவிக்கரையார் அல்ல. சேர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, 1877இல் கொழும்பில் பிறந்தவர். வில்லியம் மொரிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் இருந்த கையச்சு இயந்திரத்திலேயே தம் ‘மத்திய காலச் சிங்களக் கலை’ நூலை 1908இல் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்டவர் என்றால், தாளும் மையும் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அவருக்கு மரத்தில் செதுக்கிச் சீட்டு செய்து கொடுத்தவர் அவருடைய நண்பரான ஆங்கிலச் சிற்பி எரிக் கில். இந்தியச் சிற்பத்தைக் கில்லுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் குமாரசுவாமியும் ஒருவர். இதற்கு மாறாகத் தஞ்சை சரபோஜி மன்னர் தம் ஆங்கிலப் புத்தகங்களில் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டார். அந்தக் கையெழுத்தால்தான் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் அவர் வாங்கியவை எவை என்று இன்றும் பிரித்தறிய முடிகிறது.

நம் ஊர்களிலோ கையெழுத்துக்கும் சீட்டுக்கும் அடுத்து வந்தது றப்பர் முத்திரை. வாசிகசாலை இல்லாத கிராமம் கிழக்கில் அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் நீள்வட்டமாக ஒரு முத்திரை, ஊதா மை. முதல் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தன்னுடையது என்பவனுக்கு நடுப்பக்கம் பதில் சொல்லும். அழகு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. சில முத்திரை எழுத்தின் மேலேயே விழுந்து வரியை மறைத்திருக்கும். ஆனால் 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி கூரைகளைப் பிடுங்கி எறிந்த பின்பும், 2004 டிசம்பரில் கடல் கரையேறி வந்த பின்பும், இந்த மாவட்டத்தில் எஞ்சிய ஒரு பழம் புத்தகம் எந்த ஊரில் வாசிக்கப்பட்டது என்று சொல்ல அந்த ஊதா வட்டத்தை விட்டால் வேறு சாட்சி இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதற்கு முந்திய திகதி விழுந்த அந்நூலக முத்திரையோடு ஒரு புத்தகம் எங்காவது தலைகாட்டினால், அது அன்றிரவு யாரோ ஒரு வாசகரின் வீட்டில் இரவலாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

இவ்வளவும் இருக்கும் பக்கத்தைத்தான் நாம் முதலில் தூக்கி எறிகிறோம். புதுக் கட்டுப் போடக் கொடுத்தால் பழைய மட்டையையும் உட்தாளையும் பிய்த்துவிட்டுத்தான் கட்டுவார்கள். கட்டுகிறவர் மேல் குற்றமில்லை, நாம் சொல்வதில்லை. பழைய சீட்டைத் தண்ணீர் தொட்டு உரிப்பதும், கிழிந்த ஓரத்துக்கு செலோடேப் ஒட்டுவதும் அடுத்த பாவங்கள். அந்த ஒட்டுநாடாவின் பசை சில ஆண்டில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. புதிதாகச் சீட்டு ஒட்ட விரும்புகிறவர்கள் அமிலமில்லாத தாளில் அச்சிட்டு, மாப்பசையால் முன்மட்டையின் உட்புறத்தில் ஒட்டட்டும். ஏற்கெனவே ஒருவர் பெயர் இருந்தால் அதன் மேல் ஒட்டாமல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். முந்தியவரை மறைக்கும் உரிமை பிந்தியவருக்குக் கிடையாது.

ஐரோப்பியரிடம் கற்க வேண்டியது இருக்கிறது, கற்கக்கூடாததும் இருக்கிறது. 1891இல் இலண்டனில் உடைமைச் சீட்டுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1897இல் மறைந்த சேர் ஒகஸ்டஸ் பிராங்ஸ் சேர்த்து வைத்த ஏறத்தாழ 35,000 சீட்டுகள் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போயின. 1966இல் பல நாட்டுச் சங்கங்கள் கூடி ஓர் அனைத்துலகக் கூட்டமைப்பையும் அமைத்தன. இன்றும் கலைஞர்கள் சீட்டு செதுக்கிப் பரிமாறிக்கொள்கிறார்கள். மரத்திலும் செம்பிலும் செதுக்கும் நுண்கலை இதனால் பிழைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் சீட்டு சேகரிக்கும் ஆசையில் எத்தனையோ பழைய நூல்களின் மட்டையிலிருந்து சீட்டுகள் உரிக்கப்பட்டன. புத்தகம் ஓரிடம், பெயர் ஓரிடம். இரண்டும் அநாதை.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களைப் பார்க்கிறவர்கள் கவனித்திருப்பார்கள். பல நூல்களில் முத்திரையும் கையெழுத்தும் அன்பளிப்புக் குறிப்பும் மின்வருடலோடு சேர்ந்தே வந்திருக்கின்றன. அது போதாது. நூற்பட்டியலில் ஆசிரியர், பதிப்பு, ஆண்டு என்று இடம் ஒதுக்குவதுபோல் யாருடைய பிரதி என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்கினால், ‘இன்ன வாசிகசாலை’ என்று தேடி அந்த ஊர் ஐம்பதுகளில் எதைப் படித்தது என்று பார்க்கலாம். ஏடுகளுக்கும் அப்படித்தான். கடைசி ஓலையை முதலில் படமெடுங்கள் என்பேன். நடு ஓலை இன்னும் பத்தாண்டு தாங்கும்.

புதிய சீட்டுக் கலை இங்கே வளர வேண்டுமென்றால் இடமும் ஆளும் இல்லாமல் இல்லை. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு லினோத் துண்டும் ஒரு செதுக்குளியும் போதும். எதைச் செதுக்குவது என்பதில்தான் எனக்குச் சில எண்ணங்கள். பாடுமீன் வேண்டாம், அது ஏற்கெனவே மட்டக்களப்பின் எல்லாப் பலகையிலும் பாடிக் களைத்துவிட்டது. மாட்டுக்குச் சுட்ட குடிக்குறிகளைப் புத்தகத்துக்குக் கொண்டுவரலாமே என்று தோன்றும். வடிவத்தில் அவை ஐரோப்பியக் குலச்சின்னங்களுக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றோடு குடியும் சாதியும், கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்ற பழைய பூசலும் ஒட்டிக்கொண்டு வரும். அருங்காட்சியகத்தில் அவை இருக்கட்டும், வரைந்து பதிந்து வைக்கட்டும். பள்ளிப் பிள்ளையின் புத்தகத்தில் வேண்டாம். வசந்தன் ஆட்டத்துக் கோலும், கூத்துக் களரியும், எழுத்தாணியும், அத்தாங்கு போட்டு இறால் பிடிக்கும் தோணியும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எங்கிருந்தோ ஒரு ஆந்தையையும் மெழுகுவர்த்தியையும் இறக்குமதி செய்யாமல் இருந்தால் சரி.

ஏட்டின் கடைசி ஓலையிலிருந்த பெயர்கள் அச்சுக்குப் போனபோது பதிப்பாசிரியரின் முன்னுரைக்கு இடம் மாறின. உ.வே. சாமிநாதையர் தமக்குப் பிரதி கொடுத்து உதவியவர்களையும் அவர்களின் ஊர்களையும் முன்னுரையில் வரிசையாகக் குறித்து ஒரு நெறியையே உண்டாக்கினார். மட்டக்களப்பில் அந்த நெறியில் நடந்தவர்களுள் முக்கியமானவர் வித்துவான் வி.சீ. கந்தையா. 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதிய அவர், 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தார். கோயில் கோயிலாகக் காவலில் இருந்த அம்மன் ஏடுகளை ஒப்புநோக்கி ஒரு நூலாக்கிய அந்த வேலை அடுத்த இதழில்.